மூட்டுகளில் பிடிக்கும் துரு

1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற தன் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அடித்தது. மேற்கிந்தியத் தீவுகளின் வெதுவெதுப்பான கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழுவைத் தடுப்பதுதான் நோக்கம். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிவந்த கப்பலைச் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்துவைத்திருந்த இரும்பு ஆணிகள்தான் கூழாகிக் கிடந்தன. பல இடங்களில் தகடே கழன்றிருந்தது. ஆனால் எல்லா ஆணிக்கும் அந்தக் கதி வரவில்லை. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைத் தச்சர்கள் சில இடங்களில் கிழித்தெறியாமல் விட்டிருந்தார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் காகிதம் அகப்பட்டிருந்த இடத்தில் ஆணி புதிதுபோல இருந்தது.

வோல்டா தன் மின்கலத்தைச் செய்வதற்கு 37 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. எலெக்ட்ரான் என்ற ஒன்றை யாரும் கேள்விப்பட்டிராத காலம். ஆனாலும் இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று தொடவிடாதே என்ற பாடம் அந்தக் காகிதத் துண்டிலேயே கிடைத்துவிட்டது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டில் அரிப்பியல் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. இருந்தும், இரும்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எந்த உலோகம், எந்தப் பெயின்ட், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்மானம் என்று பரப்பைப் பற்றியே பேசுகிறோம். பெரிய சேதங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பரப்பு தேய்ந்து உடைந்தவை குறைவு. ஆணி, துளை, மடிப்பு, மரை, வெட்டிய விளிம்பு என்று ஏதோ ஒரு மூட்டில்தான் கதை தொடங்கியிருக்கும்.

காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920களில் காட்டிய ஒரு சோதனையை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் சிறிது பெர்ரிசயனைடும் பினாப்தலீனும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகிறது, ஓரம் இளஞ்சிவப்பாகிறது. பிறகு இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. நீலம் இரும்பு கரைவதற்கான அடையாளம். இளஞ்சிவப்பு ஆக்சிஜன் அங்கே எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரத்தன்மையை உண்டாக்குவதற்கான அடையாளம். ஒரே சொட்டுக்குள் ஒரு மின்கலம்.

இதில் கவனிக்கவேண்டியது, காற்றுப் படாத நடுவில்தான் இரும்பு கரைகிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் ஓரம் பிழைத்துக்கொள்கிறது. கரையும் இடம் ஆனோடு, ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடம் கேத்தோடு. காற்றும் நீரும் நேராகப் படுகிற இடம்தான் முதலில் கெடும் என்று நினைப்போம். உண்மையில் வாஷருக்கு அடியில், ரிவெட் தலைக்குக் கீழே, இரண்டு தகடு மடிந்து சேரும் இடுக்கில், சேறு ஒட்டிய மூலையில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அங்கேதான் உலோகம் உள்ளுக்குள் கரையத் தொடங்குகிறது. கரைந்த இரும்பு அயனிகள் குளோரைடைத் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன. இடுக்கிலுள்ள நீர் அமிலமாகிறது. அமிலம் மேலும் கரைக்கிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் வினை இது. சாதாரண எஃகு கடல்நீரில் சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் தேயும் என்று புத்தகங்கள் சொல்வது சரிதான். ஆனால் குழாய் ஒழுகுவது சராசரியினால் அல்ல, ஒரே ஒரு குழியினால்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் இதில் அடிபடுகிறது. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேலே ஓரிரு நானோமீட்டர் தடிப்பில் ஒரு ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத் தன்னை மூடிக்கொள்கிறது. குளோரைடு இருக்கும் இடத்தில், அதுவும் இடுக்கில், அந்த மூடல் நடப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புதிதாகக் கட்டிய வீடுகளின் பால்கனிக் கைப்பிடியைப் பாருங்கள்: குழாயின் நடுப்பகுதி பளபளக்கும், வெல்டிங் வைத்த இடத்திலும் அடித்தட்டு தரையைத் தொடும் இடத்திலும் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். கடற்கரைக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் வேண்டும். கடையில் 304 என்று சொல்லி நிக்கல் குறைந்த 202 ரகத்தைக் கொடுப்பதும் நடக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் ஒட்டாது.

அலாரம் கப்பலில் செம்பும் இரும்பும் சேர்ந்ததைவிட மோசமானது அவற்றின் அளவு. பெரிய பரப்பாகச் செம்பு, பக்கத்தில் சின்னஞ்சிறு ஆணி. பெரிய கேத்தோடு கேட்கும் மின்னோட்டம் முழுவதையும் அந்தச் சிறிய ஆனோடு கொடுத்தாக வேண்டும். இதையே திருப்பிப் போட்டு, பெரிய இரும்புத் தகட்டில் செப்பு ரிவெட் அடித்தால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். இதிலிருந்து வரும் ஒரு விதி பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கும்: இரண்டு உலோகம் சேரும் இடத்தில் ஒன்றுக்குத்தான் பெயின்ட் அடிக்க முடியும் என்றால், துருப்பிடிக்காத உலோகத்துக்கு அடிக்க வேண்டும். துருப்பிடிப்பதற்கு மட்டும் அடித்தால் பெயின்டில் விழும் ஒரு கீறல் மிகச் சிறிய ஆனோடாகி, துளை விழும் வேகத்தில் கரையும்.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை இந்தப் பாடத்தை நூறு ஆண்டு எடுத்துக்கொண்டு படித்தது. 1886இல் செப்புத் தோலுக்கும் உள்ளே தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அரக்கில் தோய்த்த ஆஸ்பெஸ்டாஸ் வைத்தார்கள். அலாரம் கப்பலின் காகிதத்தைப் போலத்தான், ஆனால் இம்முறை தெரிந்தே. நாளடைவில் அது நனைந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சாகியது. சட்டம் துருவேறி உப்பி, செப்புத் தோலில் இருந்த ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1986 நூற்றாண்டு விழாவுக்கு முன் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு 316எல் எஃகு வைத்து, இடையில் டெஃப்லான் கொடுத்தார்கள்.

கரைவதைத் தடுக்க முடியாவிட்டால் வேறொன்றைக் கரையவிடலாம் என்று முதலில் துணிந்தவர் ஹம்ப்ரி டேவி. 1824இல் செப்புத் தகட்டோடு சிறிது துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்தால் செம்பு கடலில் கரையாது என்று அவர் நிரூபித்தார். சோதனை நூற்றுக்கு நூறு வெற்றி. கப்பலில் கட்டினார்கள், செம்பும் கரையவில்லை. கரையாத செம்பில் பாசியும் கொட்டலசும் அடர்ந்து அப்பின, கப்பல் நகர மறுத்தது. சிறிது சிறிதாகக் கரைந்த செம்புதான் அதுவரை அவற்றுக்கு நஞ்சாக இருந்து கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தது. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அரிப்புத் தடுப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இதுதான். அறிவியல் சரியாக இருந்தும் கப்பல் எதற்காக ஓடுகிறது என்பது கணக்கில் வரவில்லை.

டேவியின் யோசனை இன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜி.ஐ. பைப்பின் மேலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது, சிறிய கீறலைக்கூடத் தாங்கும். ஆனால் பிளம்பர் பைப்பை அறுத்து டையை வைத்து மரை வெட்டும்போது துத்தநாகம் முழுக்கச் சுருள் சுருளாக உதிர்ந்துவிடும். அந்த இடத்தில்தான் பைப்பின் தடிப்பும் குறைவு. பழைய வீட்டு லைனில் ஒழுகல் எப்போதும் எல்போ, டீ பக்கத்திலேயே வருவது இதனால்தான். கீசரின் தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே வேலை. உப்புக் கூடிய போர்வெல் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் தொட்டி கரையத் தொடங்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் அந்தத் தண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

மண்ணில் புதைத்த எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் குழாய் முழுவதையும் கேத்தோடாக வைத்திருப்பார்கள். செம்பு–செம்புச் சல்பேட் ஒப்பீட்டு முனைக்கு எதிராக –0.85 வோல்ட் என்ற அளவை ராபர்ட் கூன் 1928இல் நியூ ஆர்லியன்ஸ் குழாய்களில் கண்டார். இன்றுவரை குழாய்த்துறையில் அந்த எண்தான் அளவுகோல். அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் வினைத்தடுப்பிகள் தனி உலகம். அவற்றில் மிகத் திறமையானது குரோமேட். ஆறு இணைதிறன் கொண்ட அந்தக் குரோமியம் புற்றுநோய்க் காரணி என்று தெரிந்தபின் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. ராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஆலையின் பின்னே கிடக்கும் குரோமியக் கழிவு நிலத்தடி நீருக்கு என்ன செய்தது என்று அந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள். தோல் பதனிடும் ரசாயனங்களுக்கான ஆலை அது என்றாலும், குரோமேட்டைத் தயங்காமல் ஊற்றிய காலம் திரும்பவேண்டாம் என்பதற்கு அதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை. சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா, சாக்கடைக் குழாயின் மேல்வளைவை அமிலத்தால் அரிக்கும் நுண்ணுயிர், கொதிகலனின் உயர்வெப்ப அரிப்பு ஆகியவை எல்லாம் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை.

பெயின்டுக்கு வருவோம், பணம் அதிகம் போவது அதில்தான். ஜன்னல் கிரில்லுக்கு உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் அடிப்பது நம் ஊர் வழக்கம். பழைய சிவப்புப் பிரைமரின் வலு ஈய ஆக்சைடில் இருந்தது; அது நஞ்சு என்று போய்விட்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் மிஞ்சியிருப்பது இரும்பு ஆக்சைடின் நிறம். அது ஈரத்தைத் தடுக்குமே தவிர துருவை எதிர்த்து வினையாற்றாது. இதைவிடப் பெரிய குறை வேறு. ஈரமான பெயின்ட் பரப்பு இழுவிசையால் கூரிய விளிம்பிலிருந்து பின்வாங்கும். கர்டரின் முனை, போல்ட்டின் மூலை, வெல்டிங் மேடு ஆகியவற்றில் படலம் பாதிகூட நிற்காது. அதனால் முதலில் பிரஷ்ஷால் விளிம்புகளுக்கும் மூட்டுகளுக்கும் மட்டும் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டுப் பிறகு முழுப் பரப்புக்கும் அடிக்க வேண்டும். ஒழுங்கான ஒப்பந்தங்களில் இது எழுதியே இருக்கும். ஆனால் பில் போடுவது சதுர மீட்டர் கணக்கில். விளிம்புக்குச் சதுர மீட்டர் ஏது? ஏறக்குறைய சும்மா செய்யவேண்டிய வேலையை மாலை ஐந்து மணிக்கு, ஏணியின் உச்சியில் நிற்கும் ஆள் எப்படிச் செய்வார் என்று யூகிக்கலாம்.

கான்கிரீட் வீட்டுக்கூரை இதே பிரச்சினையின் இன்னொரு முகம். சிமென்ட்டின் காரத்தன்மை பி.எச். 12.5க்கு மேல் இருப்பதால் உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு காப்புப் படலம் கிடைக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்தாலோ, உப்பு உள்ளே புகுந்தாலோ படலம் போய்விடும். துருவின் பருமன் இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு. அது உப்பும்போது கான்கிரீட் விரிசல் விட்டுக் கீழ்ப்பகுதி பெயர்ந்து விழுகிறது. உப்பு ஊடுருவ எடுக்கும் காலம், தோராயமாக, கம்பியை மூடிய கான்கிரீட்டின் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டரை 40 ஆக்கினால் காலம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஐ.எஸ். 456 தரநிலை லேசான சூழலுக்கு 20 மில்லிமீட்டரும், கடுமையான கடற்கரைச் சூழலுக்கு 45ம், அலை ஏறி இறங்கும் மண்டலத்துக்கு 75ம் கேட்கிறது. கட்டுமான இடத்தில் நடப்பது என்ன? முக்கால் இஞ்ச் கவர் பிளாக் போட்டுக் கம்பி கட்டியிருப்பார்கள். கான்கிரீட் கொட்டும் அன்று கம்பியின் மேல் நடந்து பாண்டு தூக்கும் ஆட்களின் காலடியில் அது சரிந்துவிடும். கவர் பிளாக் தீர்ந்த இடத்தில் ஒரு ஜல்லியைச் சொருகுவார்கள். கட்டுக்கம்பியின் முனை வளைந்து பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பலகை பிரித்த பின் கூரையில் தெரியும் முதல் பழுப்புப் புள்ளி பெரும்பாலும் அந்த முனைதான்.

பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, கம்பிக்கு ஏதோ பூசி, புதுக் கலவையால் அடைப்பது வழக்கமான பரிகாரம். ஓரிரு மழைக்காலம் போனால் ஒட்டுப்போட்ட இடத்துக்குச் சுற்றிலும் பெயரத் தொடங்கும். மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்போம். அவர் மேல் முழுப்பழியும் போட முடியாது. அரித்துக்கொண்டிருந்த பகுதி ஆனோடாக இருந்து பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது. புதுக் கலவையால் அந்த இடம் கேத்தோடாக மாறியதும், உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி இப்போது ஆனோடாகிறது. உப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளந்து, ஏறிய பகுதியை முழுதாக வெட்டி எடுக்காமல் செய்யும் ஒட்டு எதுவும் அரிப்பை இடம் மாற்றும், நிறுத்தாது.

கம்பிக்கே காப்புக் கொடுக்கும் முயற்சிகளில் ஃபுளோரிடாவின் கதை எச்சரிக்கை. 1980 வாக்கில் அங்குள்ள தீவுகளை இணைக்கும் நீண்ட பாலங்களில் எபாக்சி பூசிய கம்பியைப் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே, 1986 வாக்கில், தூண்களின் தெறிப்பு மண்டலத்தில் கம்பி அரித்திருப்பது தெரிந்தது. கையாளும்போது விழுந்த நுண்ணிய உரசல்கள் வழியே உப்புநீர் நுழைந்து, பூச்சு உரிந்து அதற்கடியில் இடுக்கு உண்டாகியிருந்தது. இதற்கு நேர்மாறு மெக்சிகோவின் புரோகிரெசோ படகுத்துறை. 1940 வாக்கில் எவர்சில்வர் கம்பி வைத்துக் கட்டிய அந்த நீண்ட துறை இன்னும் நிற்கிறது. 1960களில் சாதாரணக் கம்பியில் பக்கத்திலேயே கட்டிய இன்னொன்று கடலில் எலும்புக்கூடாகிப் போனது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் விஞ்ஞானிகள் இடைவழியொன்றைக் கண்டார்கள்: கம்பியின் துருவை நீக்கி, பாஸ்பேட் கொடுத்து, வினைத்தடுப்பி கலந்த சிமென்ட் குழம்பு பூசுவது. கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும் பூச்சு என்பதால் எபாக்சியின் உரிதல் தொல்லை அதில் குறைவு. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஒழுங்காகச் செய்தால்தான்.

சிக்ரி 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. இடமும் பணமும் தந்தவர் அழகப்பச் செட்டியார். மண்டபம் என்ற கடலோர ஊரில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வரிசையாகச் சட்டத்தில் மாட்டிவைத்து, ஆண்டுக்கணக்கில் எடை பார்த்துவரும் வேலையும், இந்தியாவின் அரிப்பு வரைபடமும் அதன் கைங்கரியம். எதற்கு அந்த ஊர் என்றால், பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரு பக்கமும் உப்பை வீசும் நிலம் அது. கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே நீரை உறிஞ்சிக் கசிந்துவிடும். மழை இல்லாத நாளிலும் அங்கே இரும்பின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். அரிப்பில் உலகிலேயே இரண்டாவது மோசமான இடம் என்று பக்கத்திலுள்ள பாம்பனைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். இப்படித் தரவரிசை போடுவது செய்தித்தாள் ஆசை. எந்த உலோகம், கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்று சொல்லாமல் வரிசைக்குப் பொருள் இல்லை.

டெல்லியின் இரும்புத் தூண் 1,600 ஆண்டு துருப்பிடிக்காமல் நிற்பதைச் சொல்லி, நம் முன்னோர் அறிந்த உலோகக் கலையால் பாம்பன் பாலத்தையும் அப்படிக் கட்டியிருக்கலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய ஆர். பாலசுப்பிரமணியம், அந்த இரும்பிலுள்ள அதிக அளவு பாஸ்பரஸ் துருவுக்கு அடியில் ஒரு காப்புப் பாஸ்பேட் அடுக்கை உருவாக்கியதை விரிவாக விளக்கியிருக்கிறார். பெருமைதான். ஆனால் மண்ணுக்குள் இருந்த பகுதியைத் தோண்டியபோது அது துருப்பிடித்தே இருந்தது. உப்புக் காற்றில் அந்தத் தூண் அதே மாதிரி நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் முழுக்க ரிவெட் அடித்த எஃகு; ஆயிரக்கணக்கான இடுக்குகள். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்து, ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாளில் மீண்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. நூறு ஆண்டுக்கு மேலாகச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் உறுப்பை மாற்றுவதுமாக அதைக் காத்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதற்குக் காரணம் நடுவில் திறந்து மூடும் தூக்குப் பகுதியின் அரிப்பு. அசையும் உறுப்பு, அதிக மூட்டு, குறைந்த அணுகல்.

பார்க்க முடியாத மூட்டு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் சில்வர் பாலம் சான்று. 1967 டிசம்பர் 15 மாலை அது இடிந்து விழுந்து 46 பேர் இறந்தார்கள். கண்துளை போட்ட எஃகுப் பட்டைகளை முளையால் கோத்துத் தொங்கவிட்ட பாலம் அது. ஒரு துளையின் உட்சுவரில் இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து வளர்த்த விரிசல் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம்தான். மூட்டைக் கழற்றாமல் அதைப் பார்க்கவே வழியில்லை. 1988 ஏப்ரலில் ஹவாயில் ஒரு விமானத்தின் மேற்கூரை பறக்கும்போதே கழன்று விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததும் ஒரு மடிப்பு இணைப்பில்தான்: தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போய், உப்பு ஈரம் புகுந்து, ரிவெட் துளைகளில் விரிசல்கள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன.

2016இல் வெளியான சர்வதேச ஆய்வு, அரிப்பால் உலகம் ஆண்டுக்கு இழப்பது 2.5 லட்சம் கோடி டாலர் என்றும், தெரிந்த முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சமாகும் என்றும் மதிப்பிட்டது. 1971இல் பிரிட்டனில் ஹோர் குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே: நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதம் இழப்பு, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவிர்க்கக்கூடியது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்க்கும்போது அறிவு போதாமல் இழக்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. கட்டுகிறவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர். குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகிறது. முப்பதாவது ஆண்டு வரும் செலவு அந்த ஒப்பந்தத் தாளில் எங்கும் இல்லை.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் மூட்டுகளைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. முழுதும் வெல்டிங் செய்த இணைப்புகள், எனவே ரிவெட் இடுக்குகள் இல்லை. எவர்சில்வர் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு. ஆனால் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே போவது எதிர்எடையோடு கட்டிய எஃகு வடங்களில். வடம் என்பது மெல்லிய கம்பிகளின் முறுக்கு, அதாவது நீளம் முழுக்க இடுக்கு. கப்பியில் வளையும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் பிதுங்கும், உப்புக் காற்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வெளிக் கம்பிகள் பளபளவென்று இருக்க, உள்ளே துரு பொடியாகக்கூடும். எனவே வடத்தை மேலோட்டமாகத் துடைத்துக் கிரீஸ் பூசுவது போதாது. காந்தப்புலக் கருவியால் உள்கம்பிகளின் நிலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, எந்த அளவில் வடத்தை மாற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அதற்கான பணத்தைப் பராமரிப்புக் கணக்கில் இப்போதே தனியாக ஒதுக்க வேண்டும்.